கழுத்தில் ஒளிர்ந்த பழுப்புக் கொழுப்பு

லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து எடுத்த பெட் ஸ்கேனில் என் கழுத்தின் இரண்டு பக்கமும் பளிச்சென்று தெரிந்தது. நோய் திரும்பிவிட்டது என்றே மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் எல்லாரும் இடிந்துபோனோம். டாக்டர் பதறவில்லை. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்மா, பழுப்புக் கொழுப்பா இருக்கலாம். மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார்.

ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. அதை எந்தத் திசு அதிகம் இழுக்கிறதோ அது படத்தில் ஒளிரும். புற்றுநோய் இழுக்கும், குளிரில் எரிந்து உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பும் இழுக்கும். பெரியவர்களிடமும் அது வேலை செய்கிறது என்பது 2009-இல்தான் உறுதியானது.

அம்மா நம்பவில்லை. "தோட்டத்து வெயில்ல நமக்கு ஏது குளிரு?" என்றார். ஆனால் முதல் ஸ்கேன் அன்று விடியற்காலையில் ஏர்கோன் காரில் பினாங்குக்குப் போய், வெறும் வயிற்றோடு, மெல்லிய சட்டையில், ஏர்கோனுக்கு நேர் கீழே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறு ஸ்கேன்வரை தூக்கம் பிடிக்கவில்லை. இதைப் பற்றியே படித்தேன். குளிர் பட்டதும் நரம்பு முனைகள் நோர்அட்ரினலின் என்ற செய்தி வேதிப்பொருளை விடுகின்றன. அது கொழுப்பு செல்லின் மேல் அந்தச் செய்தியை வாங்கும் பீட்டா ஏற்பியில் ஒட்டுகிறது. உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு கூடி, புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. கொழுப்பு கரைகிறது, செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் யூசிபி1 என்ற புரதம் வேலையைத் தொடங்குகிறது, செல்லின் எரிபொருளான ஏடிபி ஆக வேண்டிய சக்தி சூடாகவே வெளியேறுகிறது.

அப்படியானால் அந்த ஒரு காலைக் குளிரில் சக்தியைச் சேமித்து வைக்கும் என் வெள்ளைக் கொழுப்பு பழுப்பாகிவிட்டதா? இல்லை. ஏற்கெனவே இருந்தது விழித்துக்கொண்டது, அவ்வளவுதான். வெள்ளை மாற வேண்டுமென்றால் அதே சமிக்ஞை நாள்கணக்கில் வந்துகொண்டே இருக்க வேண்டும். அது பி38, பிஜிசி-1 ஆல்பா என்ற புரதங்கள் வழியாகத் திரும்பத் திரும்பச் செல்லின் உட்கருவுக்குப் போய் யூசிபி1 மரபணுவைத் தூண்டும், மைட்டோகாண்ட்ரியாவும் பெருகும். பழுப்பு நிறமே அவற்றிலுள்ள இரும்பால்தான். வெள்ளைக்கு நடுவே இப்படி முளைப்பவற்றைப் பெய்ஜ் செல்கள் என்கிறார்கள். எலிகளில், குளிர் நின்றால் அவை பழையபடி வெள்ளையாகின்றன. ஒரே செய்தி சற்று நேரம் வந்தால் சூடு, விடாமல் வந்தால் செல்லின் குணமே மாற்றம். எனக்கு இது பெரிய வியப்பு.

மறு ஸ்கேனுக்கு மாமா ஏர்கோனை அடைத்து, ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினார். முழுக்கைச் சட்டை, காலுறை, மடியில் போர்வை, முதுகெல்லாம் வேர்வை. அங்கே புரோபிரானலோல் மாத்திரை கொடுத்தார்கள். அது பீட்டா ஏற்பியை அடைத்துவிடும். நரம்பு எவ்வளவு கூப்பிட்டாலும் செல்லுக்குக் கேட்காது. படத்தில் கழுத்து ஒளிரவில்லை. நோயில்லை என்று டாக்டர் சொன்னதும் அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

ஸ்கேனுக்குப் போகிறவர்கள் முந்தின நாளிலிருந்தே உடம்பைக் கதகதப்பாக வைத்திருங்கள். ஆஸ்துமா இருந்தால் அந்த மாத்திரைக்கு முன்பே மறக்காமல் சொல்லிவிடுங்கள்.