தலைக்குத் தண்ணீர் ஊற்றாத நாட்கள் – ரங்கூன் நாட்குறிப்பு

ஏப்ரல் 8, திங்கள்

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. சனிக்கிழமை தைராய்டின் வலப்பக்கத்துக் கட்டியை எடுத்தார்கள். கழுத்தடியில், சங்கிலி கிடக்கும் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. உள்ளே தானாகக் கரையும் நூல், மேலே காகித நாடா, அதற்கும் மேல் பஞ்சுக் கட்டு. பத்து நாளைக்குக் கட்டு நனையக் கூடாது, தலையைப் பின்னால் மடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். தலைக்குக் குளிக்கலாமா என்றேன். கட்டு நனையாமல் முடிந்தால் சரி என்றார். இடுப்பு வரை முடி இருக்கிறவள் அதை எப்படிச் செய்வது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 10, புதன்

38 டிகிரி வெயில். காலையிலிருந்து கரன்ட் இல்லை. மின்விசிறியும் இல்லை, மோட்டாரும் ஓடவில்லை, மூன்றாம் மாடிக்குத் தண்ணீரும் ஏறவில்லை. தலையில் வேர்த்து, வேர்வை காதோரமாக இறங்கிக் கட்டின் விளிம்புக்கே வருகிறது. தலையை அலசாமல் விட்டாலும் கட்டு ஈரமாகத்தான் செய்கிறது. அழகுக்காக நான் தவிக்கவில்லை.

சாயங்காலம் கரன்ட் வந்ததும் பொறுக்க முடியாமல் தனியாகவே வாஷ்பேசின் முன் குனிந்தேன். தவறு. கழுத்து வலியில் முழுதாகக் குனிய முடியவில்லை. அரைகுறையாகக் குனிந்து ஊற்றிய தண்ணீர் பிடரியிலிருந்து இரண்டு பக்கமும் வழிந்து தொண்டைக்குழியில் வந்து சேர்ந்தது. கட்டு நனைந்துவிட்டது. பயத்தில் கை நடுங்கியது.

ஏப்ரல் 11, வியாழன்

மகளோடு போய்க் கட்டை மாற்றிக்கொண்டேன். நனைந்த பஞ்சை அப்படியே விட்டால் தோல் ஊறிப்போகும், வெளியில் இருக்கும் கிருமி ஈரத்தின் வழியாக உள்ளே போகும், அதனால் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும் என்றார் நர்ஸ். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் வரச் சொன்னார். நல்லவேளை, வெட்டு ஒட்டித்தான் இருந்தது. உட்காராமல், குனியாமல், படுத்துக்கொண்டு அலசுங்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

வெள்ளிக்கிழமையாயிற்றே, இன்றே தலைக்கு ஊற்றிவிடலாம் என்றாள் மகள். எதிர் வீட்டு பர்மிய அம்மா (நான் அவரை ‘அமே’ என்றுதான் கூப்பிடுவேன்) கேட்டுப் பதறிவிட்டார். அவர் வீட்டு வழக்கப்படி திங்களும் வெள்ளியும் தலை அலசக் கூடாத நாட்கள். நமக்கோ பெண்கள் தலை முழுகும் நாளே வெள்ளிதான்! நாளை திஞ்சான் (பர்மியப் புத்தாண்டையொட்டிய தண்ணீர்த் திருவிழா) தொடங்குகிறது, நானே வந்து அலசிவிடுகிறேன் என்றார். ஒரு நாள்தானே, பொறுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 13, சனி

எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும்.

கூடத்தில் மர பெஞ்சைப் போட்டு, தலைமாட்டை விளிம்போடு வைத்துப் படுத்தேன். பிடரிக்கு அடியில் சுருட்டிய துண்டு. கழுத்து பின்னால் தொங்காமல் நேராக நிற்க அதுதான் தாங்கல். தோளுக்கு அடியில் பெரிய பிளாஸ்டிக் விரிப்பைச் செருகி, இரண்டு ஓரத்தையும் வாய்க்கால் கரை மாதிரி மடித்துவிட்டு, அடி நுனியைக் கீழே வைத்த வாளிக்குள் இறக்கினாள் மகள். கட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள், சுற்றிலும் பிளாஸ்திரி. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் உலர்ந்த துணி மடிப்பு, தப்பி வரும் சொட்டை உறிஞ்ச. முதல் குவளையைத் தூக்குவதற்கு முன்பே தண்ணீர் போகிற வழியைப் போட்டுவிட வேண்டும். மற்ற வேலையெல்லாம் அதற்கப்புறம்தான்.

தெய்ஞ்சீ சந்தையிலிருந்து அமே தலை அலசுவதற்குத் தயோ என்ற மரத்தின் பட்டையும் கின்புனும் வாங்கி வந்திருந்தார். கின்புன் வேறொன்றுமில்லை, நம் சீயக்காய்தான். பட்டையின் கொழகொழப்போடு அதைக் கலந்து, எலுமிச்சை பிழிந்து, தூள் விழாமல் நன்றாக வடிகட்டியிருந்தார். நெற்றி மயிரோரத்தில் ஒரு கையை அணையாக வைத்துக்கொண்டு, மறு கையால் சின்னக் குவளையில் பின்பக்கமாகவே ஊற்றினார். இரண்டு வாளித் தண்ணீர். விரல் நுனியால் தேய்த்தார், தலையை ஒருமுறைகூட அசைக்கவில்லை.

திஞ்சானில் பெரியவர்கள் தலையை இளையவர்கள் அலசிவிடுவதுதான் இங்கே வழக்கம். எழுபது வயதில் அவர் எனக்குச் செய்கிறாரே என்று கண் கலங்கியது. அமே அதையும் துடைத்துவிட்டார்.

முடிந்ததும் பிளாஸ்டிக்கை உடனே எடுத்தோம், விட்டுவைத்தால் உள்ளே வேர்க்கும். கட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பு. தெருவெல்லாம் தண்ணீர் வீச்சு, அதனால் வாசல் தாண்டவில்லை. 1871இல் நம்மவர்கள் கட்டிய காளி கோயிலுக்கு இந்த வருஷம் போகவில்லை என்பது மனதை உறுத்துகிறது. மகள் நனைந்துகொண்டே போய்க் குங்குமம் வாங்கி வந்தாள்.

ஏப்ரல் 17, புதன்

பர்மியப் புத்தாண்டு. அமேயின் தலையை நாங்கள் அலசினோம். மகள் ஊற்றினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துவிட்டேன். கையை உயர்த்தாமல் அவ்வளவுதான் முடிந்தது.

ஏப்ரல் 18, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். காகித நாடா தானாக விழும், பிய்க்க வேண்டாம். தண்ணீர் படலாம், ஊற வைக்கவோ தேய்க்கவோ கூடாது. ஒற்றித் துடைக்க வேண்டும் என்றார் நர்ஸ். சாயங்காலம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டதும் குளியலறைக்குப் போனேன். முதல் குவளையைத் தோளில் ஊற்றினேன். இரண்டாவதைத் தலையில்.