பெயர், நட்சத்திரம், வந்த காரணம்

கொழும்பில் கோயில் வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழ் மட்டும் போதாது. நான் இருப்பது கொழும்பு வடக்கில் ஓர் அம்மன் கோயிலின் அலுவலகத்தில். அர்ச்சனைச் சீட்டு எழுதுவது, விசேட பூசைகளைப் பதிவது, அன்னதானக் கணக்குப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. செவ்வாய், வெள்ளிகளில் வரிசையில் நம்மவர்களும் சிங்களவர்களும் கலந்துதான் நிற்பார்கள். முகத்துவாரம் காளி கோயிலுக்கு ஒருமுறை போய்ப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தெய்வங்களும் அவர்களுக்கு அந்நியமில்லை. நம் முருகன் அவர்களுக்குக் கதரகம தெய்யோ, பிள்ளையார் கணதெய்யோ. கும்பிட வருவதில் அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை. கும்பிடுவதற்கு முன் எங்களிடம் பேச வேண்டியிருக்கிறதே, அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கதிர்காமத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அங்கே பூசை செய்கிற சிங்களப் பூசகரான கப்புறாளை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் பூசை செய்வார். தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலும் வாய் கட்டிப் பூசைதான். தட்டைக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு வரலாம். எங்களுடையது போன்ற ஆகமக் கோயில்களில் அர்ச்சனைக்குச் சங்கல்பம் உண்டு. இன்ன பெயர், இன்ன நட்சத்திரம், இன்ன கோத்திரம் என்று சொல்லித்தான் குருக்கள் தொடங்குவார். ஆகவே மொழிச் சிக்கல் முதலில் வந்து நிற்பது என் மேசையில்.

மந்திரம் விளங்கவில்லை என்று இதுவரை யாரும் என்னிடம் முறைப்பட்டதில்லை. சமஸ்கிருதம் வரிசையில் நிற்கிற தமிழருக்கும் விளங்காது, சிங்களவருக்கும் விளங்காது. அத்தனை மந்திரத்துக்கு நடுவே ஒருவருக்குப் பிடிபடுவது தன் பெயர் ஒன்றுதான். அது காதில் விழுந்ததும் குனிந்த தலை நிமிரும், கூப்பிய கை கொஞ்சம் மேலே போகும். அதனால் பெயர் விஷயத்தில் நான் மிகவும் கவனமாக இருப்பேன். கயானி என்று ஒரு பிள்ளை பெயர் சொல்லுவாள். தமிழில் எழுதினால் முதல் எழுத்து க. குருக்கள் அதைக் 'கல்' என்பதில் வருகிற க மாதிரி வாசித்துவிட்டால், தன் பெயர் வந்து போனதே அவளுக்குத் தெரியாது. அவள் சொன்னது 'கங்கை'யின் முதல் எழுத்து. இப்படியான எழுத்துக்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு இருந்தால் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று குருக்களுக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு. உதவிக்குப் புதுக் குருக்கள் யாராவது வந்தால் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அடுத்தது நட்சத்திரம். சிங்களவர்களுக்கும் அதே 27 தான், பெயர்தான் வேறு. அஸ்தம் அவர்களிடம் ஹத, சித்திரை சித, சுவாதி சா, சதயம் சியாவஸ. கேட்டைக்குத் தெட்ட, அவிட்டத்துக்குத் தெனட்ட. கூட்டம் நெருக்குகிற நேரத்தில் இந்த இரண்டும் மாறிப் போக நிறைய வாய்ப்புண்டு. அதனால் 27ஐயும் இரண்டு மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையைக் கவுண்டர் கண்ணாடியில் உட்பக்கமாக ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர் விரல் வைத்துக் காட்டினால் போதும்.

ஆனால் அட்டையால் தீராத ஒன்று இருக்கிறது. நம்மவர்களிடம் கேட்டால் நட்சத்திரமும் ராசியும் சொல்லுவார்கள். சிங்களவரில் பலருக்கு முதலில் வாயில் வருவது லக்னம். 'சிங்ஹ' என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் சிம்ம லக்னம். அதை ராசி என்று எடுத்துக்கொண்டு மகமா, பூரமா என்று தேடினால் எங்கேயோ போய்விடுவோம். "கேந்தரய தியனவாத?" என்று கேட்பேன். சாதகக் குறிப்பு இருக்கிறதா என்று. பல அம்மாமார் கைப்பைக்குள் பொலித்தீன் உறையில் சுற்றிய கொப்பியை எடுத்து நீட்டுவார்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை, பெயரை மட்டும் எழுதி, கோத்திரத்துக்குச் சிவகோத்திரம் என்று போட்டு அனுப்புவோம். நட்சத்திரம் தெரியாத தமிழருக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

எனக்குச் சிங்களம் வந்தது கொட்டாஞ்சேனை ஒழுங்கையிலும், அப்புறம் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்ற காலத்திலும். அது கடைச் சிங்களம். மீட்டர் என்ன விலை, சாயம் போகுமா, கடைசியாக எவ்வளவுக்குத் தருவீர்கள் என்பதோடு அது முடிந்துவிடும். கோயிலுக்கு வருகிறவர்கள் பேசுவது வேறு சிங்களம். கருத்தரிக்காதது, காணி வழக்கு, குடிகாரக் கணவன், புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன நாள். இதற்கெல்லாம் ஒரு சொல்லும் எனக்குக் கடையில் கிடைக்கவில்லை. வருகிறவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டேன். விளங்காதபோது "அம்மே, ஆயெத் கியன்ன" என்று திருப்பிச் சொல்லச் சொல்வேன். யாரும் கோபித்ததில்லை. தான் சொல்வதை ஒருவர் கவனித்துக் கேட்கிறார் என்று அவர்களுக்குப் படும்போது, அவர்களாகவே மெதுவாகப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ராகமைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். வந்ததும் சீட்டுக் கேட்கமாட்டார். "துவே", அதாவது மகளே, என்று என்னைக் கூப்பிட்டு, மகள் கடைசியாக எப்போது போன் எடுத்தாள், குரல் எப்படி இருந்தது, காசு எப்போது வந்தது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் மகளின் பெயரைச் சொல்லுவார். பின்னால் நிற்பவர்கள் "அக்கா, கொஞ்சம் கெதியா" என்பார்கள். நான் அவரை இடைமறிக்கமாட்டேன். நம்முடைய ஆட்கள் பூசை முடிந்ததும் குருக்களைப் பிடித்துக்கொண்டு குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறார்கள். அந்த அம்மாவுக்கு அதற்கு வழியில்லை. எங்கள் குருக்களுக்குச் சிங்களத்தில் பெயர் கேட்கத் தெரியும், அதற்கு மேல் வராது. அம்மனுக்கு எல்லாம் தெரியும்தான். ஆனாலும் கோயிலுக்குள் நிற்கிற ஒரு மனிதரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு இருக்கிறது, எனக்கும் அப்படித்தான் இருக்கும். சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது விஷயத்தை இரண்டு வரியில் குருக்களிடம் சொல்லிவிடுவேன். அவர் தாய்க்கு ஒரு நூலும் மகளுக்கு ஒரு நூலும் பூசையில் வைத்துக் கொடுப்பார். பிக்குமார் ஓதித் தருகிற பிரித் நூல் கட்டிப் பழகியவர்கள், அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பெண்கள் என்னிடம் மட்டும் கேட்கிற கேள்வி ஒன்றும் உண்டு. நாம் துடக்கு என்பதை அவர்கள் கிலி என்பார்கள். செத்த வீட்டுக்குப் போய் இத்தனை நாள்தான் ஆகிறது, வரலாமா. மாதச் சுகவீனம், வாசலில் நின்று கும்பிடலாமா. ஆண்கள் கவுண்டரில் இருந்த காலத்தில் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கும். விசேட நாட்களில் கவுண்டரில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் நான் பிடிவாதமாகக் கேட்டதற்கு இதுதான் காரணம்.

சொல் விளங்கினாலும் அர்த்தம் விளங்காத இடமும் இருக்கிறது. தேங்காய் உடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் உடைப்பது விக்கினம் தீர. சிங்களவரில் சிலர் தேங்காய் உடைக்க வருவது, தனக்கு அநியாயம் செய்தவனைத் தெய்வம் தண்டிக்க வேண்டும் என்பதற்காக. நகை திருட்டுப் போய், எடுத்தது யார் என்று சந்தேகப்பட்டு, அந்த ஆளின் பெயரைச் சீட்டில் எழுதச் சொன்னவர்கள் உண்டு. நான் எழுதமாட்டேன். அதே நேரம் முகத்தை முறித்து அனுப்பவும் மாட்டேன். களவு கொடுத்தவரின் வேதனை உண்மையானது. "உங்கள் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் பெயரில் அர்ச்சனை செய்வோம், மற்றதை அம்மன் பார்த்துக்கொள்வாள்" என்று சொல்லுவேன். அநேகம் பேர் சரி என்று தம் பெயரைச் சொல்லுவார்கள்.

சிவராத்திரிக்கு வருகிற சிந்தி, குஜராத்திக் குடும்பங்களோடு வருவது இன்னொரு சிக்கல். ஊரில் தங்கள் கையாலேயே லிங்கத்துக்குப் பாலும் நீரும் ஊற்றிப் பழகியவர்கள். இங்கே அது முடியாது என்பதை ஆங்கிலத்தில் பக்குவமாகச் சொல்லி, பால் செம்பை வாங்கிக்கொண்டு, அபிஷேகம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவர்களை நிறுத்திவிட்டால் மனம் ஆறிவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது நம் பிள்ளைகள்தான். வெள்ளிக்கிழமைக் கூட்டுப்பிரார்த்தனையில் தேவாரம் முதலான ஐந்து பாடல்கள் கொண்ட பஞ்சபுராணம் ஓதும்போது, தமிழ் வாசிக்க வராத பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆங்கில மீடியத்தில் படிப்பவர்கள், தாய் தமிழும் தகப்பன் சிங்களமுமான வீட்டுப் பிள்ளைகள், லீவுக்கு வந்த கனடாப் பிள்ளைகள். ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் குறில் எது நெடில் எது என்று தெரியாமல் பண் குழம்பிவிடுகிறது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தேவாரத்தைச் சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். நல்ல பலன். எ, ஏ, ஒ, ஓ எல்லாம் சிங்களத்திலும் தனித்தனி எழுத்துகள், அதனால் ராகத்தோடு பிள்ளைகள் இழுத்துப் பாடுகிறார்கள். ழ மட்டும் இல்லை, அதற்கு ளவைப் போட்டுவிட்டு, வாயால் சொல்லித் திருத்துகிறோம். தமிழைப் படிப்பிக்காமல் குறுக்கு வழி காட்டுகிறீர்கள் என்று சபையில் ஒருவர் கோபப்பட்டார். தமிழ் படிக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பாட்டு வாயில் ஏறிய பிள்ளைதான் எழுத்தைத் தேடி வருகிறது. அந்தத் தாளில் பாடிய ஒருத்தி இப்போது எங்கள் ஞாயிறு வகுப்பில் அ, ஆ எழுதுகிறாள்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பூசை நடக்கிறது. அதே கொச்சிக்கடையில், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பணி செய்வித்த பொன்னம்பலவாணேசர் கோயிலும் இருக்கிறது, அங்கேயும் எல்லா இனத்தவரும் போகிறார்கள். மந்திரத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. நம் கோயில்களின் கவுண்டரிலும், தீர்த்தம் கொடுக்கிற இடத்திலும், செருப்பு வைக்கிற இடத்திலும் சிங்களம் பேசுகிற ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. தீர்த்தத்தைக் குடிப்பதா, தலையில் தடவுவதா என்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அறிவிப்புப் பலகை பதில் சொல்லாது. நட்சத்திர அட்டையையும் சிங்கள எழுத்துத் தேவாரத் தாளையும் எந்தக் கோயில் கேட்டாலும் பிரதி எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். ஆடிவேல் திருவிழாவுக்கு முன் கேட்டால் இன்னும் நல்லது, அந்த நாட்களில்தான் கூட்டம் கட்டுக்கடங்காமல் வரும்.