இரண்டு மதிப்பெண்ணைத் தின்ற 340 படங்கள்

போன வாரம் முடிவு வந்தது. ஆய்வேட்டுக்கு 68. எழுபதைத் தொட்டிருந்தால் தனிச்சிறப்பு. வாதத்தைப் பாராட்டிய மதிப்பீட்டாளர், சான்று காட்டியதில் சீர் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தேறிவிட்ட நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த இரண்டு மதிப்பெண் எந்த நாளில், எந்த மேசையில் தொலைந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எரிச்சல் அடங்கவில்லை.

இங்கிலாந்தில் உள்ளூர் வரலாற்று முதுகலையைப் பகுதிநேரமாகப் படித்துக்கொண்டு, விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரிக்காக (இங்கிலாந்தின் ஒவ்வொரு கவுண்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், ஊர் ஊராக வரலாறு எழுதும் திட்டம்) உழைக்கும் ஓர் அறக்கட்டளையில் தன்னார்வலராகச் சேர்ந்து, அந்த வேலையையே ஆய்வேடாக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கெடு, சொல் வரம்பு எல்லாம் உங்களுக்கே தெரியும்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் தவறின் கனம் அதில்தான் புரிந்தது. 1899இல் தொடங்கிய பணி இது. 1933 முதல் லண்டன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. தரத்தை லண்டன் பார்த்துக்கொள்ளும். ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும் கவலை கவுண்டியுடையது. எங்கள் அறக்கட்டளையில் சந்தா, நன்கொடை, சொற்பொழிவுக் கட்டணம், புத்தக விற்பனை எல்லாம் சேர்ந்து, வாரத்தில் இரண்டு நாள் வரும் ஒரு தொகுப்பாசிரியரின் ஊதியத்துக்குப் போகின்றன. வருமான வரி கட்டுபவர் கிஃப்ட் எய்ட் என்ற நன்கொடை வரிச்சலுகைப் படிவத்தில் ஒப்புதல் தந்தால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகக் கிடைக்கும். ஒரு குளிர்காலம் முழுவதும் விடுபட்ட படிவங்களைத் தேடி உறுப்பினர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். அப்படி 25 பென்ஸாகச் சேர்த்த பணத்தைத்தான் நானே வீணடித்தேன்.

ஆவணக்காப்பகத்தில் இரண்டே நாளில் 340 படங்கள் எடுத்தேன். பஞ்சுத் தாங்கியில் ஏட்டை விரித்து, ஈயமணி கோத்த கயிற்றைப் பக்கத்தின் மேல் போட்டு, கைப்பேசியில் தட்டிக்கொண்டே போனேன். ஒரு படத்திலும் ஆவணத்தின் குறியீட்டெண் இல்லை. எல்லாம் நினைவிருக்கும் என்ற தைரியம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், சர்ச் வார்டன்களின் (தேவாலய நிர்வாகிகளின்) கணக்கேடுகள் இரண்டும் ஒரே பழுப்பு மையில், ஒரே கையெழுத்தில் இருந்தன. தேவாலய மணிக்குப் புதுக்கயிறு வாங்கிய செலவு எந்த ஏட்டில் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. சரிபார்க்கப் போனால், ஒரு ஏடு பழுதுபார்க்கப் போயிருந்தது. பதினோரு அடிக்குறிப்புகள் அரைகுறையாகவே கெடுவைத் தாண்டின. அதற்குள் தொகுப்பாசிரியர் தன் இரண்டு நாளையும் என் படங்களோடு போராடிச் செலவழித்துவிட்டார். அவர் திட்டவில்லை. “இந்த வாரச் சந்தாப் பணம் இதற்குப் போயிற்று” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஆகவே:

– ஒரு துண்டுச் சீட்டில் குறியீட்டெண், தாள் எண், தேதி. ஒவ்வொரு படத்திலும் அந்தச் சீட்டு தெரிய வேண்டும். முதல் படத்தில் மட்டும் வைத்தால் போதாது. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

– தன்னார்வலர் எழுதும் குறிப்பு வேறொருவருக்குப் பயன்பட வேண்டும். உங்களுக்கு மட்டும் புரிகிற குறிப்பால் அறக்கட்டளைக்குச் செலவுதான்.

– தசமபாகப் பட்டியலில் (தேவாலயத்துக்குச் செலுத்தும் பங்கை நிலவாரியாகக் குறித்த பட்டியல்) ஏக்கர், ரூட், பெர்ச் என்ற மூன்று நில அளவைகளுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள். 4 ரூட் ஒரு ஏக்கர், 40 பெர்ச் ஒரு ரூட். 3 ஏக்கர் 2 ரூட் 20 பெர்ச் என்பது 3.625 ஏக்கர். நான் 3.22 என்று அடித்து, பாரிஷையே (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) சுருக்கிவிட்டேன். உள்ளூர்ப் பிரதி கிழிந்திருந்தால் லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ஐஆர் 29 (பட்டியல்), ஐஆர் 30 (வரைபடம்) வரிசைகளைப் பாருங்கள்.

– 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1684 செப்டம்பரில் எழுதிய உயில் 1684 பிப்ரவரியில் மெய்ப்பிக்கப்பட்டதாக (எழுதியவர் இறந்தபின் நீதிமன்றம் ஏற்றதாக) கண்டால் எழுத்தர்மேல் பழி போடாதீர்கள். நம் கணக்கில் அது 1685.

பழங்கையெழுத்துத் தேர்வுக்கு நாள்தோறும் இருபது நிமிடம், ஒரே உயில், போதும். அந்தக் காலக் கையெழுத்தில் ஆங்கில சி என்பது ஆர் போலத் தெரியும், எச் வரிக்குக் கீழே தொங்கும்; கண் பழகியே ஆக வேண்டும். குழுவாக உட்கார்ந்து படிப்பது நல்லது என்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்தில் ஒருவர் முந்திக்கொண்டு படித்துவிட்டால் எனக்கு மூளை நின்றுவிடும்.

எழுதும்போது நிலவுடைமைப் பகுதியில் தொடங்குங்கள். அறிமுகத்தை முதலில் எழுதச் சொல்வார்கள். ஊரைத் தெரியாமல் எப்படி அறிமுகம் செய்வது?

நிதி விண்ணப்பத்திலும் கை வைக்க நேர்ந்தால் ஒன்று. ‘கவுண்டியின் வரலாறு’ என்று கேட்டால் கொடுப்பவருக்கு முடிவே தெரியாது. ஒரு பாரிஷ், ஒரு மெல்லிய புத்தகம், இத்தனை பயிற்சி நாள் என்று நறுக்கிக் கேளுங்கள். விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரியின் சிவப்பு அட்டைப் பெருந்தொகுதி பிறகு வரட்டும். மரபுப் பணிகளுக்கு லாட்டரிப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் லாட்டரி நிதியிடம் கேட்கும்போது தன்னார்வலர்களின் உழைப்பு நேரத்தையும் பங்களிப்பாகக் காட்ட முடியும். எங்கள் மணிநேரங்களை ஒழுங்காகக் குறித்துவைத்த ஒரே ஆள் நான். அதில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

முடிவு வந்த மறுநாள், பழுதுபார்க்கப் போன ஏடு திரும்பிவிட்டதாகக் காப்பகத்திலிருந்து தகவல் வந்தது. மதிப்பெண் மாறப்போவதில்லை, ஆனால் அறக்கட்டளையின் வரைவில் அந்த அடிக்குறிப்புகள் இன்னும் அப்படியே கிடந்தன. போனேன். பதினொன்றில் ஒன்பதைச் சரிசெய்துவிட்டேன். மணிக்கயிறு இன்னும் கிடைக்கவில்லை.