லக்ஸரிலிருந்து அஸ்வானுக்கு: நைல் கப்பலில் கோயில் பார்க்கும் முறை

எகிப்தில் நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஆகவே லக்ஸரில் ஏறி அஸ்வானில் இறங்குவது எதிர்நீரில் போகும் பயணம். ஆற்று வழியாக 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ரயிலில் போனால் அரைநாள்கூட ஆகாது. கப்பலில் வழக்கமாக லக்ஸரிலிருந்து 4 இரவு, அஸ்வானிலிருந்து 3 இரவு. லக்ஸரில் ஏறுவதே சரி. ஓர் இரவு கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் அல்ல. தெற்கே போகப் போகக் கரையோரக் கோயில்களின் வயது பொதுவாகக் குறைகிறது. லக்ஸரில் உள்ள கர்னாக் கோயிலின் பெரிய தூண் மண்டபம் கி.மு. 13-ஆம் நூற்றாண்டினது, வழியில் வரும் எட்ஃபு கோயில் அதற்கு ஆயிரம் ஆண்டு பிந்தையது. பழையதை முதலில் பார்த்தவருக்குத்தான் புதியதில் எது மாறியது, எது மாறவில்லை என்று கண்ணில் படும்.

கேபின் பதிவு செய்யும்போது மேல்தளத்தில், பின்பக்க எஞ்சினுக்குத் தள்ளிக் கேளுங்கள். தெற்கே போகையில் வலப்பக்க அறைக்கு மேற்குக் கரையும் சூரிய அஸ்தமனமும் கிடைக்கும். ஆனால் அது கப்பல் ஓடும்போது மட்டும். துறையில் நான்கைந்து கப்பல்களைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கப்பலின் சுவரும் டீசல் புகையும்தான். கரைக்குப் போக மற்றக் கப்பல்களின் வரவேற்பறை வழியாகவே நடக்க வேண்டும். திரும்பும்போது வழி தவறாமலிருக்க உங்கள் கப்பலின் பெயரையும் துறையையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கர்னாக் காலை 6 மணிக்குத் திறக்கும். அப்போதே உள்ளே போய்விட்டால் 134 தூண்களுக்கும் நடுவே சாய்வெயில் விழுவதைப் பார்க்கலாம். நடுவரிசைத் தூண்கள் 12-உம் ஏறக்குறைய 21 மீட்டர் உயரம். மேற்குக் கரையில் மன்னர் பள்ளத்தாக்கின் பொதுச்சீட்டுக்கு மூன்று கல்லறைகள்தான். துட்டன்காமன், முதலாம் சேத்தி கல்லறைகளுக்குத் தனிச்சீட்டு. பல பெரிய தலங்களில் இப்போது கார்டு மட்டுமே வாங்குகிறார்கள் என்பதால் வெளிநாட்டில் செல்லும் கார்டு இரண்டு இருப்பது நல்லது. சில்லறை நோட்டுகளும் வேண்டும், அது சின்ன அன்பளிப்பான பக்‌ஷீஷுக்கு. காவலாளி கயிற்றைத் தூக்கி "வா, வா" என்று உள்ளே கைகாட்டினால் அதற்கு விலை உண்டு. வேண்டாமென்றால் தலையசைத்துவிட்டு நகருங்கள்.

லக்ஸருக்கும் எட்ஃபுவுக்கும் நடுவே எஸ்னா ஊரில் தடுப்பணை. கப்பல் ஒரு நீர்த்தொட்டிக்குள் நுழைய, பின்கதவு மூடும்; நீரை உள்ளே விட, கப்பல் மேலே எழும்பி, முன்கதவு திறந்ததும் வெளியேறும். வரிசை நீண்டால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். பராமரிப்புக்காக மூடும் நாட்களும் உண்டு. அப்போது பயணிகளைப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள் என்பதால் பதிவுக்கு முன்பே கேட்டுத் தெளிவு பெறுங்கள். இந்தக் காத்திருப்பில் ஆட்டுத்தலைத் தெய்வமான க்னுமின் கோயிலைப் பார்த்துவிடலாம். பல கப்பல்களின் திட்டத்தில் அது இல்லை, விடக்கூடாத இடம். எஞ்சியிருப்பது ஒரே மண்டபம், 24 தூண்கள், தெருமட்டத்துக்கு 9 மீட்டர் கீழே. நூற்றாண்டுகளின் கரியை 2018 முதல் துடைத்தெடுத்ததில் விதானத்து ராசி மண்டலம் பழைய நீலமும் சிவப்புமாக வெளிவந்திருக்கிறது.

எட்ஃபுவுக்குத்தான் அதிகம் தயாராக வேண்டும். எல்லாக் கப்பல்களும் விடியற்காலையில் சேர்ந்தே வந்து நிற்கும். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கோயிலுக்குக் கிளம்புவார்கள். துறையிலிருந்து குதிரை வண்டியில்தான் ஏற்றுவார்கள். பல குதிரைகள் மெலிந்து புண்ணோடு இருக்கின்றன. ஆட்டோவோ காரோ வேண்டும் என்று முந்தின இரவே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். கி.மு. 237-இல் தொடங்கி கி.மு. 57-இல் முடிந்த, பருந்துத் தெய்வம் ஹோரஸின் கோயில் இது. 36 மீட்டர் உயர முகப்பிலிருந்து கருவறை வரை சிதையாமல் நிற்கிறது. உள்ளே போகப் போகத் தரை உயரும், கூரை தாழும், இருள் கூடும். நெரிசலில் நின்றால் இந்த அமைப்பு புலப்படவே புலப்படாது. குழுக்களெல்லாம் முற்றத்தில் அரைமணி நேரம் விளக்கம் கேட்கும். அந்த நேரத்தில் நேரே கருவறைக்குப் போய்விடுங்கள். அங்குள்ள கருங்கல் மாடம் மன்னர் இரண்டாம் நெக்டனெபோ காலத்தது, கோயிலைவிட மூத்தது. பிறகு வெளிச்சுற்று. மேற்கு மதிலின் உட்புறத்தில் ஹோரஸ் நீர்யானையை ஈட்டியால் குத்தும் காட்சிகள் வரிசையாக வருகின்றன. நீர்யானை ஹோரஸின் பகைவனான சேத் தெய்வத்தின் உருவம். அதைக் கையளவே செதுக்கியிருக்கிறார்கள். தீமை கல்லிலும் பெரிதாகிவிடக் கூடாதாம்.

எட்ஃபுவுக்கும் கோம் ஓம்போவுக்கும் நடுவே ஆறு குறுகும் இடம் கெபெல் எல்-சில்சிலா. இந்தக் கோயில்களுக்கு மணற்கல் வெட்டிய குன்றுகள் இருபுறமும் நிற்கும். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. இறங்கிப் பார்க்க வேண்டுமென்றால் தஹபியா எனும் இரட்டைப் பாய்மரப் படகில் வர வேண்டும். வடக்கிலிருந்து வீசும் காற்று அதைத் தெற்கே தள்ளும். காற்று ஓய்ந்தால் இழுவைப்படகு இழுக்கும். விலை கூடுதல், ஆள் குறைவு.

கோம் ஓம்போ கோயில் துறையிலிருந்து நடைதூரம். மாலையில் போவதே நல்லது. கீழிருந்து வரும் விளக்கொளியில் புடைப்புச் சிற்பங்கள் பகலைவிட ஆழமாகத் தெரியும். முதலைத் தெய்வம் சோபெக்குக்கும் மூத்த ஹோரஸுக்கும் சமமாகப் பிரித்த இரட்டைக் கோயில், கருவறையும் இரண்டு. நைலின் நீர்மட்டம் அளந்த கிணற்றையும் பதப்படுத்திய முதலைகள் உள்ள அருங்காட்சியகத்தையும் தவறவிடாதீர்கள்.

அபு சிம்பெல் பாறைக்கோயில்கள் பெரும்பாலும் கப்பல் கட்டணத்தில் சேராது. அஸ்வானிலிருந்து 280 கிலோமீட்டர். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் மதியம் தாண்டித் திரும்பலாம். அதே நாளில் அஸ்வானின் ஃபிலே தீவுக் கோயிலையும் திணிக்காதீர்கள். ஃபிலே தீவுக்குப் படகுக்கட்டணம் தனி, ஆளுக்கல்ல, படகுக்கு. போக, காத்திருக்க, திரும்ப என மூன்றையும் சேர்த்துப் பேசிவிட்டே ஏறுங்கள். 1902-இன் அஸ்வான் அணையால் ஆண்டில் பல மாதம் நீரில் கிடந்த, ஐசிஸ் தேவியின் இந்தக் கோயிலை 1970-களில் கல் கல்லாகப் பிரித்து, பக்கத்திலிருந்த அகில்கியா தீவில் மீண்டும் அடுக்கினார்கள். ஐசிஸ் கோயிலுக்கு மேற்கே, ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் பெயரிலுள்ள வாசலைத் தேடிப் போங்கள். அதன் சுவரில் மெலிதாகக் கீறியிருக்கும் சித்திர எழுத்து வரியின் தேதி கி.பி. 394 ஆகஸ்ட் 24. அதற்குப் பிந்தைய தேதியோடு இன்னொன்று எகிப்தில் எங்கும் கிடைக்கவில்லை.