கோடு போடாத நட்டு

இன்டர்ன்ஷிப் முடிஞ்சு ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு. ஆறு மாசம், கார் அசெம்ப்ளி லைன்ல.

டாக்ட் டைம்னா என்னன்னு பரீட்சையில எழுதி முழு மார்க் வாங்கினவன் நான். 450 நிமிஷத்துல 450 வண்டி வேணும்னா, வண்டிக்கு 1 நிமிஷம். பேப்பர்ல அது சாதாரண வகுத்தல் கணக்கு. லைன்ல நின்னா, மூக்கு அரிச்சாலும் சொறிய நேரமில்லைன்னு அர்த்தம்!

என்னை விட்டது வீல் மாட்டற இடத்துல. 5 நட்டையும் வட்டமா வரிசையா முறுக்கப் போனேன். பக்கத்துல நின்ன அண்ணன் தடுத்தார். "நட்சத்திரம் வரையற மாதிரி மாத்தி மாத்திப் போடு தம்பி. இல்லன்னா வீல் ஒரு பக்கமா உக்காந்துக்கும்." டார்க் ரெஞ்ச்னா, குறிச்ச அளவு இறுக்கினதும் சத்தம் கொடுக்கற ஸ்பேனர். அது 'க்ளிக்'னு சொன்னா நிறுத்திடணும். இன்னும் கொஞ்சம் இறுக்கினா நல்லதுதானேன்னு கை பரபரக்கும். ஆனா போல்ட் இழுபட்டுப் பலவீனமாயிடும். முறுக்கின நட்டுக்கு அடையாளமா பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு.

மூணாவது வாரம் ஒரு நட்டுல கோட்டைக் காணோம். முறுக்கினேனா இல்லையா, ஞாபகமே வரலை. வண்டி நகர்ந்துட்டே இருக்கு. சிக்கல்னா உதவிக்குக் கூப்பிட லைன் பக்கத்துல ஒரு கயிறு இருக்கும், ஆண்டான் கயிறுன்னு பேரு. முழு லைனும் நின்னுடுமோன்னு பயந்துட்டே அதை இழுத்தேன். டீம் லீடர் ஓடி வந்து பார்த்தார். நட்டு டைட்டாத்தான் இருந்தது. திட்டு விழும்னு நின்னா, "இழுத்தியே, அது போதும்"னுட்டுப் போயிட்டார். வண்டி நம்ம எல்லையைத் தாண்டறதுக்குள்ள சரியாயிட்டா லைன் நிக்காதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

இப்போ நிறுத்தி வெச்ச எந்தக் காரைப் பார்த்தாலும் குனிஞ்சு நட்டைப் பார்க்கறேன். காரோட ஓனருங்க முறைக்கறாங்க.