அண்ணனின் எம்.டி.பி: ஓவராயில் நாட்குறிப்பு

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

தோட்டத்துச் சாளையில் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் கிடந்த சைக்கிளை இன்று வெளியே எடுத்துவிட்டேன். ஹெர்குலஸ் எம்.டி.பி., 26 இன்ச், சிவப்பு. 1996-ல் அண்ணன் கயிறு மில்லில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. பெயர்தான் மலைச் சைக்கிள், கியர் ஒன்றே ஒன்றுதான். பட்டை டயர், நேரான ஹேண்டில்பார், கொஞ்சம் தடித்த பைப். அன்றைக்கு எங்கள் ஊரில் அதுவே பெரிய விஷயம்.

இப்போதைய நிலைமை: டயர் இரண்டும் வெடித்துப் பொரிந்து போயிருக்கின்றன. செயின் ஒரே கட்டையாக இறுகிவிட்டது. ரிம்மில் குரோம் உரிந்து துரு. பெடல் ஒன்றில் கட்டையே இல்லை. ஆனால் பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வெல்டிங் எங்கும் விரிசல் இல்லை. அது போதும்.

பொங்கலுக்கு அண்ணன் மஸ்கட்டிலிருந்து வருகிறார். அதற்குள் இதை ஆழியாறு வரை ஓட்டிப் போகிற மாதிரி ஆக்க வேண்டும். காட்சிக்கு நிறுத்தி வைக்க அல்ல, ஓட்ட.

அம்மா வந்து பார்த்தார். "இதுக்குச் செலவு பண்ற காசுக்குப் புதுசே ஒண்ணு வாங்கலாமே சாமி." வாங்கலாம்தான்.

டிசம்பர் 3

மேல் பாரில் பழைய டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தது. என்னை முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போவதற்காக அண்ணன் சுற்றியது. வெறும் பாரில் உட்கார்ந்தால் தொடை கன்றிவிடும். ரப்பர் பிசுபிசுத்து பைப்போடு ஒட்டிக்கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் நனைத்து நனைத்துச் சுற்றுச் சுற்றாக உரித்தேன். அடியில் பெயின்ட் அப்படியே இருக்கிறது. வெயில் படாத சிவப்பு, குங்குமத்தில் கொஞ்சம் கறுப்பு கலந்த மாதிரி. மற்ற இடமெல்லாம் வெளுத்து ஆரஞ்சாகிவிட்டதே தவிர, வாங்கியபோது இதுதான் நிறம்.

படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது. ஷிப்டில் இருந்திருப்பார்.

டிசம்பர் 8, ஞாயிறு

தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவரிடம் கொண்டு போனேன். இந்த சைக்கிளுக்குப் பல தடவை கோட்டம் எடுத்தவர். கடையில் இப்போது பஞ்சர் வேலைதான் அதிகம், அதுவும் பைக்குகளுக்கு. சைக்கிளைப் பார்த்ததும், "இது உங்கண்ணன் வண்டிதானுங்க தம்பி?" என்று கேட்டார். அடியில் பிரேம் நசுங்கிய இடத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

இன்று முழுக்கப் பிரிக்கிற வேலை. பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் காட்டர் பின் இரண்டும் துருவேறி ஒட்டிக்கொண்டன. பெரியவர் நட்டை மரை நுனி வரை தளர்த்தி, கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புப் பைப்பை முட்டுக் கொடுத்து, சுத்தியலால் ஒரே அடி. முட்டுக் கொடுக்காமல் தட்டினால் அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளுக்குப் போய்க் கிண்ணத்தில் பள்ளம் விழும். இடது பின் வந்துவிட்டது. வலது பின் வளைந்ததே தவிர நகரவில்லை. டிரில் போட்டுத்தான் எடுத்தோம்.

அப்புறம் அடிக்கிண்ணங்கள். வலதுபக்கக் கிண்ணத்துக்கு இடது மரை, அதாவது கழற்றுவதற்கு வலதுபக்கம் சுற்ற வேண்டும். தெரியாமல் எதிர்ப்பக்கம் மல்லுக்கட்டினால் இன்னும் இறுகும். இடது பெடலுக்கும் இதே கதை. மிதிக்கும்போது தானாகக் கழன்றுகொள்ளக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு.

இந்தக் கிண்ணங்கள் திருகி உட்காரும் பிரேம் பைப்பை, அதாவது ஷெல்லை அளந்தேன்: அகலம் 68 மில்லிமீட்டர், மரை விட்டம் 1.37 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 24 மரை. நிம்மதி. இது பி.எஸ்.ஏ. அளவு. பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கிக் கம்பெனி சைக்கிளும் செய்தபோது வைத்த அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த பி.எஸ்.ஏ. பெயரில் இங்கே சைக்கிள் போடுவதும், ஹெர்குலஸ் போடுவதும் ஒரே டி.ஐ. சைக்கிள்ஸ்தான். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் மெட்ராஸில் ஆரம்பித்தது. அளவு சரியாக இருப்பதால் காட்டர் பின் சமாச்சாரத்தையே தூக்கி எறிந்துவிட்டு, சீல் செய்த புது ஆக்சிலை அப்படியே திருகி உட்கார வைக்கலாம்.

டிசம்பர் 10

கழுவல். ஒரு தட்டில் டீசல், இன்னொன்றில் மண்ணெண்ணெய். பின் சக்கரத்தின் நடு உருளையான ஹப்பில் குண்டுகள் கால் இன்ச், பக்கத்துக்கு ஒன்பது. பாதி குண்டுகளில் பளபளப்பு போய்விட்டது. ஹப்பையே மாற்றப் போகிறேன் என்பதால் கவலை இல்லை. முன் போர்க்கின் கிண்ணங்கள் நன்றாக இருக்கின்றன, குண்டு மட்டும் புதிது போட்டு கிரீஸ் அடைத்தாயிற்று.

கிரீஸ் என்றதும் ஒரு விஷயம். இந்த ரகச் சைக்கிளே கிரீஸில்தான் பிறந்தது என்று சொல்லலாம். 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில் சில இளைஞர்கள் பழைய பட்டை டயர் ஷ்வின் சைக்கிள்களை மலை மேலே தள்ளிக்கொண்டு போய், மண்பாதையில் கீழே விட்டு ஓட்டினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற ஹப் பிரேக். ஒரு தடவை இறங்கினால் சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும், திரும்ப அடைக்க வேண்டும். அதனால் 1976-ல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வைத்தார்கள். பழைய வண்டியைக் குடைந்து மலைக்கு ஏற்றதாக்கும் வேலைதான் ஆரம்பம் முதலே. நான் ஒன்றும் புதிதாகச் செய்துவிடவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

பெயின்ட் சண்டை. பெரியவர், பக்கத்து வீட்டுப் பையன், அம்மா மூன்று பேரும் ஒரு கட்சி: பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் ஷோரூம் வண்டி மாதிரி ஆகிவிடும். நான் மட்டும் எதிர்க்கட்சி. பழைய சைக்கிளைச் சுரண்டி, புது நிறம் அடித்து, ஸ்டிக்கரும் புதிதாக ஒட்டி 'ரீஸ்டோர்' செய்த படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாமே ஒரே சைக்கிள் மாதிரிதான் தெரிகின்றன. யாருடைய வண்டி என்பதைச் சொல்ல மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. தேய்கிற உறுப்பு எதை வேண்டுமானாலும் மாற்றுவேன். பிரேமின் தோலைத் தொடமாட்டேன்.

துருவை மட்டும் எடுத்தேன். குரோம் ஹேண்டில்பாருக்கு அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நன்றாக வேலை செய்கிறது. குரோமை விட அலுமினியம் மெத்து, அதனால் கீறல் விழுவதில்லை. போல்ட், நட்டையெல்லாம் புளிக்கரைசலில் இரவு முழுக்கப் போட்டு வைத்தேன். குத்துவிளக்குக்கு அம்மா செய்கிற அதே வைத்தியம். பிரேமில் துரு பிடித்த புள்ளிகளை மட்டும் உப்புத்தாள் போட்டு, மெல்லிய கிளியர் லாக்கர் தொட்டு வைத்தாயிற்று.

டிசம்பர் 18

கோவை போய் சாமான் வாங்கிவந்தேன். டயர் வாங்கும்போது மட்டும் ஜாக்கிரதை தேவை. 26 இன்ச் என்று கேட்டால் கடையில் இரண்டு வகை தருவார்கள். 26 x 1⅜ என்று பின்னத்தில் எழுதியிருந்தால் ரிம் 590 மில்லிமீட்டர். 26 x 1.95 என்று புள்ளி வைத்து எழுதியிருந்தால் 559. ஒன்றுக்கு ஒன்று சேரவே சேராது. எம்.டி.பி.க்கு இரண்டாவது. பில் எட்டாயிரத்தைத் தொட்டுவிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

பயந்துகொண்டிருந்த வேலை இன்றுதான். பின்னால் ஒரே பல்சக்கரம் (ஃப்ரீவீல்) வைத்த வண்டி என்பதால் பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 120 மில்லிமீட்டர். ஏழு பல்சக்கரம் வைத்த புது ஹப்பின் அகலம் 135. ஹப்பின் இடதுபக்க வாஷரைக் குறைத்து 130-க்குக் கொண்டுவந்தோம். ரிம் நடுவுக்கு வர, பெரியவர் ஸ்போக்கை ஒவ்வொன்றாகத் திருகிச் சென்டர் பிடித்தார். மீதிப் பத்து மில்லிமீட்டருக்குப் பிரேமையே அகட்ட வேண்டும். அலுமினியப் பிரேமாக இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, விரிசல் விட்டுவிடும். இரும்பு வளைந்து கொடுக்கும்.

நீள மரைக்கம்பி ஒன்றை, பின் சக்கர ஆக்சில் உட்காரும் இரண்டு காதுக்கும் நடுவே கொடுத்து, உள்பக்கம் வைத்த நட்டுகளை ஸ்பேனரால் வெளியே தள்ளினோம். 130 வரை திருகி விட்டால் இரும்பு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். 150-ஐத் தாண்டிக் கொண்டுபோய்த் தளர்த்திய பிறகுதான் 130-ல் நின்றது. அப்புறம் நூல் வைத்துப் பார்த்தோம்: பின் காதில் ஒரு முனையைக் கட்டி, முன்னால் ஹெட் டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு காதில் கட்டுவது. நூலுக்கும் சீட் பைப்புக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இடதுபக்கம் மூன்று மில்லிமீட்டர் கூடுதல். பெரியவர் பிரேமைப் படுக்கப் போட்டு, கால் வைத்து, கையால் ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடி நூல். சரியாக வந்தது. அளவுகோல் என்னுடையது, இழுப்பு அவருடையது.

டிசம்பர் 29, ஞாயிறு

கோர்க்கிற நாள். பழைய பிரேமில் டிரெய்லர், அதாவது செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும் பின்பக்கக் கியர் மாற்றி, மாட்டத் தனிக்காது கிடையாது. அதனால் ஆக்சில் நட்டோடு சேர்த்துப் பிடிக்கிற பிளேட் வைத்த ஷிமானோ டூர்னி. பின்னால் 14 முதல் 34 பல் வரை ஏழு அடுக்கு. முன்னால் மூன்று சக்கர கிராங்க் வாங்கி, நடுச் சக்கரத்தை மட்டும் பயன்படுத்துகிறேன், அதில் 34 பல். முன்பக்கக் கியர் மாற்றி வேண்டாம், கேபிள் ஒன்று மிச்சம்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பழைய செட்டில் முன்னால் 44, பின்னால் 18 பல். வகுத்தால் 2.44. புது செட்டின் ஏழாவது கியர் 34-க்கு 14, அதாவது 2.43. அண்ணன் எந்நேரமும் மிதித்த அந்த ஒற்றைக் கியர், இதில் இருப்பதிலேயே கனமான கியர். அதில்தான் என்னையும் முன்னால் வைத்துக்கொண்டு எதிர்க்காற்றில் மிதித்திருக்கிறார். முதல் கியர் 34-க்கு 34, சரிக்குச் சரி.

பிரேக்கும் மாற்றம். பழைய கேன்டிலீவர் போய் வி-பிரேக். இதற்கு கேபிள் கூடுதலாக இழுபட வேண்டும், அதனால் கைப்பிடி லீவரையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும். இதையெல்லாம் விடப் பெரிய மாற்றம் ரிம்தான். குரோம் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். எந்த பிரேக் போட்டாலும் பிடிக்காது. அலுமினிய ரிம்மில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. யாராவது பழைய சைக்கிளுக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் ரிம்முக்குச் செய்யுங்கள் என்பேன்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அங்கலக்குறிச்சி வரை ஓட்டிப் பார்த்தேன். புது கேபிள் இழுபட்டு, கியர் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் தத்தளித்தது. டிரெய்லரின் பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று வெளியே எடுத்ததும் அடங்கிவிட்டது. வண்டி நேராக ஓடுகிறது. கையை விட்டும் ஓட்டிப் பார்த்தேன்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

அண்ணன் காலையில் எடுத்துக்கொண்டு ஆழியாறு போனார். நான் பின்னால் மொபெட்டில். வால்பாறை ரோடு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவு. அங்கெல்லாம் ஏறும் உத்தேசம் இல்லை, அணை வரைக்கும்தான். தென்னந்தோப்பு முடிந்து மேடு ஆரம்பித்த இடத்தில் கியரைக் குறைப்பார் என்று பார்த்தேன், குறைக்கவே இல்லை. எழுந்து நின்று மிதித்தார். பக்கத்தில் போய், "அண்ணா, கட்டைவிரல்ல அந்த லீவர தள்ளுங்க" என்றேன். "தெரியும்டா, இரு" என்றார். கொஞ்ச தூரம் போய் மூச்சு வாங்கியதும் தள்ளினார். தள்ளியதும் கால் சர்ரென்று சுற்ற, விழப் பார்த்துச் சமாளித்துக்கொண்டார்.

அணையருகே மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெயின்ட் அடிக்காதது பற்றி எதுவும் கேட்கவில்லை. பாரைத் தடவிவிட்டு, "இதுல டியூப் சுத்தியிருந்துச்சே, அத ஏன்டா எடுத்த?" என்றுதான் கேட்டார். ரப்பர் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். அது போகட்டும், சீட்டுதான் சரியில்லை, முன்பக்கம் தூக்கியிருக்கிறது என்றார். அவர் சொன்னது சரிதான். பெரியவர் கடை திறந்ததும் சீட் கிளாம்ப் மாற்ற வேண்டும். பின் பிரேக் கட்டையும் வலதுபக்கம் லேசாக உரசுகிறது, அதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.