கண் கிளினிக்கில் ஒரு ஃபிசிஷியன் அசோசியேட்

இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் வேலை பார்க்கிறேன். என்எச்எஸ் எனும் இங்கத்திய அரசு சுகாதாரச் சேவையில் வெளிநோயாளிகள் அதிகம் வரும் துறையே கண்தான். க்ளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், என்று ஒருவர் உள்ளே வந்துவிட்டால் ஆயுசுக்கும் வந்துகொண்டே இருப்பார். டாக்டர்கள் போதவில்லை. சரி, டாக்டர்களுக்குத் துணையாக வேலை செய்யும் ஃபிசிஷியன் அசோசியேட் (பி.ஏ.) ஒருவரை எடுத்துப் பார்ப்போம் என்று முடிவானது.

உயிரியல் சார்ந்த பட்டத்துக்கு மேல் 2 ஆண்டு படித்துவிட்டு வருகிறவர்கள் இவர்கள். பொது மருத்துவம் தெரியும், கண் கொஞ்சம்தான். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவியில் உட்காரவைத்து, 90 டயாப்டர் லென்ஸைக் கையில் கொடுத்தேன். ஆரம்பத்தில் விளக்கொளி லென்ஸில் பட்டுத் திரும்புவதைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் விழித்திரை தலைகீழாகத் தெரிந்துவிட்டது. அதெல்லாம் பழகினால் வந்துவிடும்.

இழுத்தடித்தது சொட்டு மருந்து. கண்மணியை விரிக்க ட்ரோபிகமைட் என்ற சொட்டு மருந்தை விட வேண்டும். பி.ஏ.வுக்கு மருந்து எழுதும் உரிமை இல்லை. நர்ஸ், ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பரிசோதகர்) போன்றவர்கள், ஒரு வகை நோயாளிகள் எல்லோருக்கும் சேர்த்து எழுதப்பட்ட பொது உத்தரவு ஒன்றை வைத்துக்கொண்டு சொட்டு விடலாம். அந்தப் பட்டியலிலும் பி.ஏ. கிடையாது. ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் போட்டு ஒரு டாக்டர் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். மருத்துவமனையின் மருந்துக் குழு இதற்கு ஒப்புதல் தருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது மறுநாள் லிஸ்ட்டை முந்தின மாலையே பார்த்து, அலர்ஜி, குறுகிய கோணம் (சொட்டு விட்டால் கண் அழுத்தம் திடீரென ஏறக்கூடிய கண் அமைப்பு) இருக்கிறதா என்று சரிபார்த்து எழுதிவைக்கிறோம். கடைசி நேரத்தில் யாராவது சேர்ந்தால், என் நோயாளியை விட்டுவிட்டு நான் எழுந்து போக வேண்டும்.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையில் கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்று இந்த வேலைகளைச் செய்வதைப் பார்த்தவன் நான். இங்கே இவ்வளவு காகிதமா என்று தோன்றியது உண்டு.

2024 டிசம்பரில் பி.ஏ.க்கள், டாக்டர்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் ஜிஎம்சியின் கட்டுப்பாட்டுக்குள் வந்தார்கள். 2025 ஜூலையில் பி.ஏ.க்களைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியர் ஜில்லியன் லெங்கின் அறிக்கை, பெயரை 'ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்' என மாற்றச் சொன்னது. நோய் இன்னதென்று தெரியாதவர்களைப் பொதுவாக இவர்கள் பார்க்கக் கூடாது என்றது. கண் அவசரப் பிரிவுக்கு அனுப்பும் பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை.

காட்டராக்ட் அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் எங்கள் பி.ஏ. கெட்டி. சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எல்லாவற்றையும் துருவிக் கேட்டுவிடுவார். விழித்திரையின் மையப் பகுதியைப் பார்க்கும் மாக்யுலா கிளினிக்குக்கு மட்டும் ஆள் தேவையென்றால் ஆப்டோமெட்ரிஸ்ட்டைத்தான் கேட்பேன்.